நாற்பத்தொரு நிமிடக் கனவு

'ஏழுநாள் நிலையம்' என்ற விஷுவல் நாவலை அதன் எல்லாக் கிளைகளோடும் வாசித்து முடிக்க எண்பத்திரண்டு மணி நேரம் பிடிக்கும். ஜெசிந்தா அதற்கு நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாவல் ஓடும் தளத்தின் கணக்கில் அந்த எண்தான் தாட்சாயணியின் கண்ணில் பட்டது.

தாட்சாயணி உறையூரில் ஒரு பழைய சுருட்டுக் கிடங்கில் ஜப்பானிய பாணி அசைபடங்கள் எடுக்கும் அனிமே ஸ்டுடியோ நடத்துபவர். ஐந்து வருடம் ஜப்பானில் படம் வரைந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜெசிந்தா ரத்த வங்கியில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நாவலை முழுசா முடிச்சவங்க மொத்தமே பதினோரு பேர்தான். மத்த பத்துப் பேரும் எண்பது, தொண்ணூறு மணி நேரத்துல முடிச்சிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் இவ்ளோ மெதுவா படிச்சீங்க?"

"நான் படிக்கலைங்க. படிச்சுக் காட்டினேன்," என்றாள் ஜெசிந்தா. "எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. படத்தையெல்லாம் வாயால சொல்லணும்ல?"

தாட்சாயணி உடனே கேட்டார்: "அந்த நாவலைப் படமா எடுத்துக்கிட்டு இருக்கோம். ஒரு தடவை ஸ்டுடியோவுக்கு வர முடியுமா?"

விஷுவல் நாவல் என்பது பாதி புத்தகம், பாதி படம். திரையில் ஒரு காட்சி அசையாமல் நிற்கும். கீழே வரிகள் வந்து போகும். அவ்வப்போது கதை நின்று, யாரோடு போகிறாய் என்று வாசிப்பவரையே கேட்கும். சொல்லும் பதிலைப் பொறுத்துக் கதை வேறு பக்கம் திரும்பும். 'ஏழுநாள் நிலைய'த்தில் ஒரு பயணி, கடல் ஏறி இறங்கும் சேற்றுவெளியின் நடுவே நிற்கும் ஒரு ரயில் நிலையத்தில் தவறி இறங்கிவிடுகிறான். அடுத்த ரயில் ஏழு நாள் கழித்துத்தான். அங்கே குடியிருப்பவர்கள் ஐந்து வீட்டார். பயணி யார் வாசலில் போய் உட்காருகிறானோ அவர்களுடைய கதை திறக்கும்.

ஜெசிந்தாவின் கணவன் பிரிட்டோ அச்சகத்தில் நிறம் பார்க்கிற வேலையில் இருந்தவன். காலண்டரில் மாதாவின் மேலாடை நீலம் ஒரு புள்ளி கூடினாலும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவான். முப்பத்தெட்டாம் வயதில் விழித்திரை நோய் வந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, சாவித்துவாரம் அளவுக்கு வந்து சில மாதம் நின்று, பிறகு அதுவும் அடைபட்டது. அந்த வருடம் முழுக்க, சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஜெசிந்தா அவனுக்கு அந்த நாவலை வாசித்தாள்.

வானம் நீலமாக இருக்கிறது என்று சொன்னால் அவன் விடமாட்டான்.

"சும்மா நீலம்னா எப்படி ஜெசி? கறுப்பு எவ்ளோ கலந்திருக்கு?"

"ஒரு எட்டு பர்சென்ட் இருக்கும்."

"அப்படிச் சொல்லு," என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வான். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் அப்படித்தான் சேர்ந்தது.

ஸ்டுடியோவின் சுவர்களில் புகையிலை வாசனை இன்னும் போகவில்லை. உயரமான ஜன்னல்களுக்குக் கீழே ஏழெட்டுப் பேர் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். தாட்சாயணி அவளை ஓர் அறைக்குள் அழைத்துப் போனார். அங்கே ஒரு கட்டில், வெள்ளைத் தலையணை, கம்பிகள் தைத்த ஒரு துணித் தொப்பி.

"எண்பத்திரண்டு மணி நேரத்தை எப்படி மேடம் ஒரு படத்துல அடக்குவீங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ரெண்டு வருஷமா அதோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கோம். அஞ்சு கதையையும் வெட்டி ஒட்டினா டிரெய்லர் மாதிரி ஆயிடுது. ஒரு கதையை மட்டும் எடுத்தா மத்த நாலு வீட்டுக்காரங்களும் அநாதையாயிடறாங்க. கம்ப்யூட்டர்கிட்டக் குடுத்தோம். நல்லாத்தான் சுருக்குச்சு, பரீட்சைக்கு நோட்ஸ் எடுத்த மாதிரி."

அவர் தொப்பியைக் கையில் எடுத்தார்.

"தூங்குறப்போ நாம எல்லாருமே சுருக்குறோம். பகல்ல நடந்ததுல எது வேணும், எது வேணாம்னு மூளை பிரிச்சு வைக்குது. பத்து வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்தை நினைச்சுப் பாருங்க. ஒரு சிரிப்பு, ஒரு மல்லிப்பூ வாசனை, யாரோ கோச்சுக்கிட்டுப் போனது. அவ்ளோதான் இருக்கும். அந்தப் பத்து வருஷ வேலையை இது ஒன்பது மத்தியானத்துல செய்ய வைக்கும். நீங்க நாவலைக் கனவு காணுவீங்க. ஒவ்வொரு நாளும் கனவு சின்னதாகும். ஒன்பதாம் நாள் என்ன மிஞ்சுதோ அதுதான் படம். அது எவ்ளோ நேரமோ, படமும் அவ்ளோ நேரம்."

"மிஞ்சாதது?"

தாட்சாயணி மழுப்பவில்லை. "உங்க மனசுல இருந்தும் மங்கிடும். அதை மறைச்சு உங்ககிட்டக் கையெழுத்து வாங்க மாட்டேன்."

"மறுபடி படிச்சுக்கலாம்ல?"

"அடுத்த மாசத்தோட அந்த நாவல் ஓடுற தளத்தையே மூடறாங்க. புது மெஷின் எதுலயும் அது ஓடாது. எழுதின உதுமான் சார்கிட்ட வசனம் மட்டும் எழுத்தா இருக்கு. படம், பாட்டு, கிளை எல்லாம் சேர்ந்த அந்த உலகம் இருக்காது. இந்தப் படம்தான் மிஞ்சும்."

அன்று சாயங்காலம் ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னபோது பிரிட்டோ துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

"என்னவெல்லாம் மறக்கும்?"

"கதைதானே? மறந்தா போகுது. நாலு பேரு பாக்குறதுக்கு ஒண்ணு இருக்குமே."

அவன் ஒரு சட்டையின் காலரை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, போயிட்டு வா," என்றான்.

ஒன்பது மத்தியானங்கள். இரண்டு மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு படுப்பாள். மின்விசிறியின் சத்தம் மெல்ல மெல்ல அலைச் சத்தமாகும். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் வந்து போகும். பிறகு அவள் நிலையத்தின் நடைமேடையில் நிற்பாள்.

முதல் நாள் கனவில் எல்லாமே இருந்தன. ஐந்து வீடுகளிலும் விளக்கு எரிந்தது. அவள் ஒரே சமயத்தில் ஐந்து வாசல்களிலும் உட்கார்ந்திருந்தாள். தபால்காரி மிதிவண்டியைத் தண்ணீரின் மேலேயே ஓட்டி வந்தாள். சேற்றில் பதிந்த நண்டுக் கால்தடங்கள் எழுத்துகளாக மாறின. படிப்பதற்குள் அலை வந்து அழித்தது. மூன்றாம் நாள் தபால்காரிக்கும் டிக்கெட் விற்கிறவளுக்கும் ஒரே முகம் இருந்தது. ஐந்தாம் நாள் இரண்டு வீடுகள் தூரத்து வெளிச்சமாகிவிட்டன. ஏழாம் நாள் நடைமேடையே ஒரு நீளமான வெள்ளைக் கோடுதான். அதன் மேல் நடந்தால் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் நாலே எட்டில் போய்விடலாம்.

தொப்பி வழியாகக் கனவிலிருந்து திரைக்குக் கிடைப்பது கோடு இல்லாத நிறம் மட்டும். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அந்த நிறங்களின் மேல் கோடு போட்டு ஆட்களையும் கதவுகளையும் வெளியே கொண்டுவந்தார்கள். ஐந்து மணிக்குக் கண் விழித்து வரும்போது, ஜெசிந்தா தான் அப்போதுதான் விட்டுவிட்டு வந்த முகம் ஒருவருடைய பென்சில் முனையில் திரும்பிப் பார்ப்பதைக் காண்பாள்.

வீட்டில் வேறு மாதிரி இருந்தது.

நான்காம் நாள் பிரிட்டோ குளித்துவிட்டு வரும்போது ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தான். "நல்லா இருக்கே, எந்தப் பாட்டு?" என்று கேட்டாள். "தபால்காரியோட பாட்டு," என்றான் அவன். அதற்குப் பிறகு அவள் இருக்கும்போது அதை முணுமுணுக்கவில்லை.

ஆறாம் நாள், தெருமுனை மளிகைக் கடையை அவன் 'சுங்கச்சாவடி' என்றபோது அவளுக்குப் புரியவில்லை. நாவலில் ஒருத்தி நிலையத்துக்கு வருகிறவர்களையெல்லாம் மறித்து ஊர்க்கதை கேட்டுவிட்டுத்தான் விடுவாளாம். கடைக்கார அம்மாளும் அப்படியே என்பதால் அவர்கள் இருவரும் இரண்டு வருடமாக அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். பிரிட்டோ விளக்கிச் சொன்னான். விளக்கிச் சொன்ன நகைச்சுவைக்கு ஜெசிந்தா சிரித்து வைத்தாள்.

எட்டாம் நாள் அவளுக்குப் பயம் வந்தது. அந்த வருடத்துச் சாயங்காலங்களை நினைத்துப் பார்த்தாள். டியூப் லைட் தெரிந்தது. நாற்காலியில் அவன் தெரிந்தான். அவள் வாய் அசைந்தது. ஆனால் பேச்சு கேட்கவில்லை. ஒரு வருடம் முழுக்க அவள் அவனிடம் என்ன பேசினாள்? அந்த நாவலின் நடுவே நிறுத்தி நிறுத்தி அவர்கள் தங்களைப் பற்றியும்தான் பேசியிருப்பார்கள். கதையோடு ஒட்டிக்கொண்டு அதுவும் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் தாட்சாயணியிடம் சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது.

"இதோட நிறுத்திக்கலாம். நான் வற்புறுத்த மாட்டேன்."

"நிறுத்தினா போனது திரும்பி வருமா?"

"வராது."

"அப்போ முடிச்சிடலாம். பாதியில விட்டா ரெண்டும் இல்லாம போயிடும்," என்று ஜெசிந்தா தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் கனவு நாற்பத்தொரு நிமிடம் ஓடியது.

இரண்டு மாதம் கழித்துப் படத்தின் முதல் வடிவத்தைப் பார்க்க நாவலாசிரியர் உதுமான் நாகூரிலிருந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. அந்த நாவலுக்கு ஆறு வருடம் கொடுத்தவர். ஜெசிந்தாவைப் பார்த்ததும், "நானூத்திப் பன்னெண்டு மணி நேரம் என் கதையோட இருந்தவங்களா? என் வீட்டுல உள்ளவங்களே அவ்ளோ நேரம் என்கூட இருந்ததில்லையே," என்று சிரித்தார்.

சுருட்டுக் கிடங்கின் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். படம் தொடங்கியது.

தண்ணீரின் மேல் ஒரு ரயில், சத்தமில்லாமல். பயணி இறங்குகிறான். பனிமூட்டத்தில் ஐந்து விளக்குகள். தபால்காரி வருகிறாள், திரும்பும்போது டிக்கெட் விற்கிறவளாக இருக்கிறாள். யாரும் யாரையும் விட்டுப் பிரியவில்லை, ஒருவருக்குள் ஒருவர் கரைந்து போனார்கள். உதுமான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "யா அல்லாஹ், எல்லாரும் இருக்காங்களே," என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

பதினேழாவது நிமிடத்தில் நான்காவது வீட்டின் கதவு திறந்தது. அங்கே சிக்னல்காரன் திருமலையும் அவன் மனைவி பொற்கொடியும். திருமலைக்குப் பார்வை போய்விட்டது. அவன் முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. அலை வந்தது, போனது. அவன் கண்ணில் தண்ணீர் வழிய, "அழுறேன்னு நினைச்சுக்காத, வெங்காயம்தான்," என்றான். "நீ அழுதாலும் இன்னும் அரைக்கிலோ இருக்கு," என்றாள் பொற்கொடி. இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் வேண்டுமென்றே, "ரோஸ் கலர்," என்றாள். அவன் வெங்காயத்தை அவள் மேல் எறிந்தான். தவறிப்போய்ப் பானைக்குள் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். பயணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பன்னிரண்டு நிமிடம்.

விளக்கு போட்டபோது உதுமான் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இதை நான் எழுதலை," என்றார்.

தாட்சாயணி திடுக்கிட்டார். "எதை சார்?"

"அந்த வெங்காயத்தை. என் திருமலை மூணாம் நாள் காலையிலேயே போயிடறான். பார்வை முழுசாப் போன அன்னைக்கு, தண்ணி வடிஞ்ச நேரமாப் பார்த்து சேத்துல இறங்கி நடக்கிறான். திரும்பி வர்றதில்லை. பொற்கொடிக்கு ஒரு கடிதாசி மட்டும் இருக்கும். அந்த அத்தியாயத்தை எழுதிட்டு ஒரு மாசம் நான் வேற எதையும் எழுதலை. நாவலைப் படிச்சவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. தாட்சாயணி, நீங்களும் படிச்சிருக்கீங்கதானே?"

"படிச்சிருக்கேன் சார். கனவு மாத்தியிருக்கும், கனவுன்னா அப்படித்தானேன்னு விட்டுட்டேன்."

ஜெசிந்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இல்லையே சார். அவர் எங்கயும் போகலையே. வெங்காயம் உரிப்பாரு. பொற்கொடியோட சண்டை போடுவாரு. நான் படிச்சிருக்கேனே!"

தாட்சாயணி உதுமானின் வசனப் பிரதியைத் திரையில் திறந்து தேடினார். வெங்காயம் என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. ஒன்றுகூடத் திருமலை வீட்டில் இல்லை.

"மெஷின் ஏதாவது கெட்டுப்போச்சா மேடம்?"

"மெஷினுக்குக் கற்பனை கிடையாது ஜெசிந்தா. அது இருக்கிறதைத்தான் சுருக்கும். மனசுல ரொம்பக் கனமா இருந்ததைத்தான் கடைசி வரைக்கும் வைக்கும். முதல் நாள் கனவுலயே இந்த வெங்காயம் இருந்திருக்கு, இப்பத்தான் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே இது உங்களுக்குள்ள இருந்திருக்கு."

ஜெசிந்தா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். தனக்குள் இருந்த ஒன்றைப் பற்றித் தனக்கே தெரியவில்லை என்பது, வீட்டுக்குள் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்பதுபோல அவளைக் கலக்கியது.

"எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேளுங்க," என்றாள் கடைசியில். "அவருக்கு ஒரு வார்த்தைகூட மறக்காது. ஆனா அந்தச் சாயங்காலங்களைப் பத்தி நான் கேட்டா ஏதோ சொல்லி மழுப்புறாரு. நீங்க கேட்டா சொல்லுவாரு. சனிக்கிழமை எனக்கு ரத்ததான முகாம் இருக்கு, அவர் வீட்டுலதான் இருப்பாரு."

சனிக்கிழமை காலை உதுமானும் தாட்சாயணியும் போனார்கள். பிரிட்டோ அவர்களை உட்கார வைத்துத் தானே தேநீர் போட்டுக் கொண்டுவந்தான். தம்ளர்களைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். உதுமான் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

பிரிட்டோ சொன்னான்:

"அந்த நாவல்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்ன மணிச்சத்தம் வருங்க. டிங்னு. அடுத்த வரி வந்துடுச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு ஜெசி திருமலை வீட்டுக் கதையைப் படிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு இடத்துல நிறுத்தினா. தண்ணி குடிச்சா. மறுபடி ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் நாப்பது நிமிஷம் அந்தச் சத்தமே வரலை. அவ மட்டும் பேசிக்கிட்டே இருந்தா."

"அவங்களா சொல்லியிருக்காங்க," என்றார் தாட்சாயணி.

"ஆமா. மறுநாள் அவ வேலைக்குப் போனதும் அந்த அத்தியாயத்தைக் கம்ப்யூட்டரைப் படிக்க வெச்சுக் கேட்டேன். கடிதாசியையும் கேட்டேன்." பிரிட்டோ உதுமான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "நல்லா எழுதியிருந்தீங்க சார். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

உதுமான் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். பாராட்டு அவரைக் குத்தியது முகத்தில் தெரிந்தது.

"அவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?"

"எப்படிங்க சொல்றது? எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அவ்ளோ பாடுபட்டா. இப்ப அவளுக்கே தெரியாது. உங்க நாவல்ல நிஜமாவே அப்படித்தான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா."

வாசலில் ஒரு ஆட்டோ நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போயிற்று. உதுமான் தொண்டையைச் செருமினார்.

"படத்துல அது அப்படியே இருக்கட்டும். ஆனா அதை என் பேர்ல போட முடியாது. அந்தப் பன்னெண்டு நிமிஷம் அவங்க எழுதினது. அவங்க பேர் வரணும். வந்தா ஏன்னு கேப்பாங்க."

"கேப்பாதான். ரெண்டு நாள் குடுங்க சார். நானே சொல்லிடறேன்."

கிளம்பும்போது உதுமான் வாசற்படியில் தயங்கி நின்றார். "தம்பி, அந்தக் கடிதாசியை நீங்க கேட்டப்போ..." என்று ஆரம்பித்தார். முடிக்கத் தெரியவில்லை. பிரிட்டோ கையை நீட்டினான். உதுமான் அதைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் போய்வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு, நாலு மணி வாக்கில் பிரிட்டோ எல்லாவற்றையும் சொன்னான். ஜெசிந்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். சொல்லி முடித்த பிறகும் அவள் முகத்தில் எந்த ஞாபகமும் வரவில்லை. வேறு யாரோ ஒரு பெண் செய்த காரியத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஏன் மாத்துனேன்?"

"எனக்காகத்தான்."

"கண்ணு தெரியாதவர் கதைங்கறதாலயா? உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னா?"

பிரிட்டோ பதில் சொல்லவில்லை. அவள் அவனையே பார்த்தாள். ஒரு வருடத்துப் பேச்சு முழுவதும் அழிந்துபோயிருந்தது. ஆனால் அவனுடைய மௌனங்களை வாசிக்க அவளுக்கு இன்னும் தெரிந்திருந்தது.

"நிஜமாவே உங்களுக்கு அப்படி ஒரு யோசனை இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றான். "அந்த வாரம் பூரா அதேதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நீ அதைக் கண்டுபிடிச்சுட்டேன்னு நினைக்கிறேன். அந்தக் கடிதாசியைக் கேட்டப்போ எனக்கு அழுகை வரலை ஜெசி. சரி, இப்படித்தான் முடியும்போலன்னு தோணுச்சு. நிம்மதியாக்கூட இருந்துச்சு."

ஜெசிந்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது.

"அன்னைக்குச் சாயங்காலம் நீ வந்து உக்காந்து மறுபடி ஆரம்பிச்சே. திருமலை குடைக் கம்பியைச் சரி பண்ணினான்னே. புத்தகத்துல அவன் செத்து ஒரு நாள் ஆச்சு. உங்கிட்ட குடை ரிப்பேர் பண்றான். நாளைக்கு என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியணும்போல இருந்துச்சு. அதைத் தெரிஞ்சுக்க எனக்கு வேற வழி கிடையாது. புத்தகத்துல அவன் இல்லை. உங்கிட்ட மட்டும்தான் இருந்தான். அதனால நாளைக்கு வரைக்கும் இருப்போம்னு இருந்தேன். அப்புறம் மறுநாள் வரைக்கும்."

"எத்தனை நாள் சொன்னேன்?"

"பதினோரு சாயங்காலம்."

அவள் அழுதாள். தனக்கு ஞாபகமே இல்லாத ஒன்றுக்காக அழுவது விசித்திரமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இதெல்லாம் போயிடும்னு தெரிஞ்சும் ஏன் என்னைத் தடுக்கலை?"

"தடுத்தா காரணம் சொல்லணுமே. சொன்னா அந்த வாரத்தைச் சொல்லணும். தைரியம் வரலை. அந்த ஒன்பது நாளும் நீ வர்ற வரைக்கும் ஜெபம்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன், திருமலையை மட்டும் விட்டுடாம இருக்கணும்னு."

வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிரிட்டோவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு வெங்காயம் மட்டும்தான் தெரியுது. மிச்சத்தையெல்லாம் சொல்லுங்க. முதல் சாயங்காலத்துல இருந்து."

அவன் சொன்னான். நிறுத்தி நிறுத்தி, அவள் அன்று சொன்ன சொற்களிலேயே. குடைக் கம்பி. சிக்னல் அறைக்குள் புகுந்துவிட்ட நண்டு. உப்பு அதிகமானதற்காக வந்த சண்டை, அதற்கு மறுநாள் பொற்கொடி பேசாமல் இருந்தது, பேசாமலே அவன் தட்டில் மீன் துண்டு பெரியதாக இருந்தது. கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்று எண்ணி வைத்துக்கொண்டு, நடுவில் தும்மல் வந்து எண்ணிக்கை தப்பிப்போய், வேலியில் போய் முட்டிக்கொண்டது. முட்டிக்கொண்டதைப் பொற்கொடி பார்த்துவிட்டாளா இல்லையா என்று தெரியாமல் அவன் அங்கேயே நின்று வேலியைச் சரி செய்வதுபோல நடித்தது.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "இதெல்லாம் நானா சொன்னேன்? அந்தப் பொம்பளை நல்லாத்தான் கதை விட்டிருக்கா."

"இன்னும் இருக்கு," என்றான். ஏழாம் சாயங்காலத்தைச் சொன்னான். எட்டாம் சாயங்காலத்தைச் சொன்னான். திருமலைக்கு முடி வெட்ட ஆள் இல்லாததால் பொற்கொடியே கத்தரிக்கோலை எடுத்தது. பிறகு நிறுத்திவிட்டான்.

"ஒன்பதாம் சாயங்காலம்?"

"அது எனக்குத் தெரியாது ஜெசி."

"ஏன்?"

"தூங்கிட்டேன். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே கிடையாது. அன்னைக்கு நீ ஆரம்பிச்சப்போ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எப்போ தூங்கினேன்னே தெரியலை. முழிச்சுப் பார்த்தா விடிஞ்சிருந்துச்சு. மேல ஒரு போர்வை கிடந்துச்சு. அன்னைக்கு என்ன சொன்னேன்னு உங்கிட்ட எப்படிக் கேக்கறது? புத்தகத்துல உள்ளதைத்தான் நீ படிக்கிறேன்னு நான் நம்புறதா நினைச்சுக்கிட்டு இருக்கே. பத்தாம் சாயங்காலம் அடுத்ததுக்குப் போயிட்டே."

"அப்போ அந்த நாள்..."

"யாருகிட்டயும் இல்லை."

புத்தகத்தில் இல்லை, படத்தில் இல்லை. சொன்னவளுக்கு மறந்துவிட்டது, கேட்டவன் தூங்கிவிட்டான். ஜெசிந்தா அதை யோசித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டில் யாரோ வாசலுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். மண் வாசனை உள்ளே வந்தது.

"அன்னைக்கு," என்றாள் திடீரென்று. "அன்னைக்குத் திருமலை வீட்டுல சமையல் இல்லை."

பிரிட்டோ தலையை நிமிர்த்தினான். "ஏன்?"

"பலாப்பழம் வந்துச்சு. பெருசு. ரெண்டு பேரு தூக்கணும், அவ்ளோ பெருசு."

"ஏழு நாளைக்கு ரயிலே கிடையாது. பலாப்பழம் எப்படி வரும்?"

"படகுல வந்துச்சு. குறுக்க பேசாதீங்க," என்றாள் ஜெசிந்தா.

அவன் பேசவில்லை.